மூன்றாம் காலின் கண்ணாடி

யாரையும் லேசில் நம்புகிறவள் இல்லை நான். அளவெடுக்காமல் துணியை வெட்டினால் தையல்காரிக்கு நஷ்டம், விசாரிக்காமல் கையைத் தூக்கினால் ஊருக்கு நஷ்டம். நான் தையல்காரியும்தான், எட்டாவது வார்டு கவுன்சிலரும்தான். நகராட்சியில் எனக்குக் 'கத்திரி அக்கா' என்று பெயர். முகத்துக்கு நேரே அக்கா சேர்த்துச் சொல்வார்கள், முதுகுக்குப் பின்னால் வெறும் கத்திரி. இரண்டாவது முறையாக ஜெயித்துச் சபையில் உட்கார்ந்திருக்கிறேன்.

அந்தத் திங்கட்கிழமை தலைவர் எழுந்து, "மக்களோட உயிர்தான் நமக்கு முக்கியம்" என்று ஆரம்பித்தபோதே எனக்குச் சுருக்கென்றது. இந்த மனிதர் வாயில் மக்கள் உயிர் என்று வந்தால் எங்கேயோ ஒரு நிலம் கைமாறப் போகிறது என்று அர்த்தம். ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுத கதைதான்.

விஷயம் பெரிய தண்ணீர்த் தொட்டி. எங்கள் தெரு நடுவில் எட்டுக் கால்களில் நிற்கிறது. கட்டி நாற்பத்தெட்டு வருஷம் ஆகிறது. பாதி ஊருக்குத் தண்ணீர் அதிலிருந்துதான். கால்களைச் சுற்றிப் பத்துக் கடைகள், நாலாவது கடை என்னுடையது. கடைகளை ஒட்டிய சுவருக்கு அந்தப் பக்கம் நகராட்சிப் பாலர் பள்ளி. புதிதாக வந்திருக்கும் என்ஜினியர் அம்மா, தொட்டியை உடனே காலி செய்ய வேண்டும், பழுது பார்க்க எட்டு மாதம் ஆகும், அதுவரை லாரியில் தண்ணீர் கொடுங்கள் என்று எழுதிக் கொடுத்திருந்தார். தலைவர் அதைக் கையில் பிடித்துக்கொண்டு, பழைய தொட்டியில் காசைக் கொட்டுவதை விட வடக்கே புதிதாக ஒன்று கட்டிவிடலாம் என்றார். வடக்கே இருப்பது ஒரே ஒரு மேட்டு வயல். அது தலைவருடைய மச்சானின் வயல்.

"எலி ஏன் அம்மணமா ஓடுதுன்னு இப்பத்தானே புரியுது" என்றேன். சபையில் சிரிப்பு எழுந்தது.

என்ஜினியர் அம்மா மட்டும் சிரிக்கவில்லை. அவர் எதற்குமே சிரிப்பதில்லை, யார் டீ கொடுத்தாலும் தொடுவதில்லை. வேலைக்கு வந்த முதல் நாள் தலைவர் ஜீப்பிலிருந்துதான் இறங்கினார். போன வாரம் அந்த மேட்டு வயலில் மச்சானோடு நின்று பேசிக்கொண்டிருந்ததை பஸ்ஸில் போகும்போது நானே பார்த்தேன். இதற்கு மேல் எனக்கு என்ன சாட்சி வேண்டும்?

"மூணாவது கால்ல, தொட்டி உக்கார்ற இடத்துக்குக் கொஞ்சம் கீழ விரிசல் இருக்கு. நான் ஏறிப் பார்த்தேன். உள்ளேயிருந்து துருத்தண்ணி வழியுது. விரிசல் வளருதுன்னு நினைக்கிறேன்" என்றார்.

"நினைக்கிறீங்களா, தெரியுமா?"

அவர் கோபப்படாமல் விளக்கினார். ஆறு வருஷத்துக்கு முன்னால் இருந்த என்ஜினியர், விரிசலுக்குக் குறுக்கே ஒரு கண்ணாடித் துண்டை வைத்து இரண்டு பக்கமும் சிமெண்ட் பூசி ஒட்டியிருக்கிறார். விரிசல் மயிரிழை அகன்றாலும் கண்ணாடி உடைந்துவிடும். உடைந்தால் கால் அசைகிறது என்று பொருள். அதைப் பார்க்கத்தான் கண்ணாடி.

"உடைஞ்சுதா?" என்று கேட்டேன்.

"பதிவேட்டுல ஒரு தடவைகூட உடையலைன்னு இருக்கு. நான் ஏறின அன்னைக்கும் முழுசாத்தான் இருந்தது. அதுதான் எனக்குப் புரியலை."

பழம் நழுவிப் பாலில் விழுந்தது. பராமரிப்பு ஃபைலைக் கொண்டுவரச் சொல்லி மேசையில் விரித்தேன். மூன்று மாதத்துக்கு ஒன்று என்று இருபத்து நாலு புகைப்படங்கள். ஒவ்வொன்றிலும் முழுக் கண்ணாடி, அதன்மேல் மார்க்கரில் அன்றைய தேதி. எடுத்தவன் என் தம்பி. தொட்டியின் வால்வு, ஏணி, விளக்கு, இந்தக் கண்ணாடி எல்லாம் அவன் பொறுப்பு. ஆறு வருஷமாகத் தற்காலிக வேலை. ஒருநாள்கூட லீவு எடுக்காதவன், அடுத்தவர் காசில் ஒரு டீ குடிக்காதவன். என் தம்பிதான் என்று நானே எல்லார் முன்னாலும் சொன்னேன். இதில் மறைக்க என்ன இருக்கிறது?

என்ஜினியர் அம்மா படங்களை மெதுவாகப் புரட்டினார். "தேதி மட்டும் ஒவ்வொரு படத்துலயும் மாறுதே, எப்படி?"

"அழிச்சிட்டு எழுதுவான். சிலேட்டுல எழுதற மாதிரி. பொறியியல் படிச்சவங்களுக்கு இதையும் நான்தான் சொல்லித் தரணுமா?"

எங்கள் ஆட்கள் மேசையைத் தட்டினார்கள். அவர் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்தார். ஒரு கேள்வியைக் கேட்டவரைச் சிரித்தே உட்கார வைத்துவிட்டேன் என்று எனக்கு அன்றைக்கு ஒரே பெருமை.

தலைவர் விடவில்லை. "பழுது பார்க்கலாம் தங்கச்சி, ஆனா சட்டியில இருந்தாத்தானே அகப்பையில வரும்? பராமரிப்பு நிதியில என்ன இருக்கு?"

அது உண்மைதான். தொட்டிக்கென்று வருஷா வருஷம் ஒதுக்கும் நிதியை, 'கண்ணாடி முழுதாக உள்ளது' என்ற ஒரு வரியைக் காட்டி, வேறு வேலைக்கு மாற்றிக்கொண்டே வந்தோம். தேர்தல் வந்தால் தொட்டிக்குப் பெயிண்ட் மட்டும் அடிப்போம். தெருவிளக்காகவும் சாக்கடை மூடியாகவும் அந்தப் பணம் ஒவ்வொரு வார்டுக்கும் போனது. என் வார்டுக்கு இருபத்திரண்டு விளக்குகள் வந்தன. ஆனால் இதை நான் அன்று சொல்லவில்லை.

மொத்தம் பதினொரு பேர் சபையில். தலைவர் பக்கம் நாலு, என் பக்கம் என்னோடு சேர்த்து ஏழு. தொட்டியைக் காலி செய்யலாமா என்று வெள்ளிக்கிழமை ஓட்டு என்று முடிவானது. வெளியே வரும்போது எங்கள் ஆட்களில் மூத்தவரான கண்டக்டர் என் தோளைத் தட்டிவிட்டுப் போனார். முப்பது வருஷம் பஸ்ஸில் டிக்கெட் கிழித்து ஓய்வு பெற்றவர். சந்தேகப்படுவதில் எனக்கே பாடம் எடுக்கக்கூடியவர்.

அன்று சாயங்காலம் தம்பி கடைப் பக்கம் வந்தபோது, "உன் படத்தை வச்சே அந்தம்மா வாயை அடைச்சேன்டா" என்றேன். அவனுக்கு முகமெல்லாம் பல். என்ன ஏது என்று அவன் கேட்கவில்லை, நானும் விவரம் சொல்லவில்லை. சபைப் பேச்சைக் கடையில் பேசுகிற வழக்கம் எனக்குக் கிடையாது.

புதன்கிழமை எனக்கு ஒரு யோசனை வந்தது. கண்ணாடியின் பக்கத்தில் நானே நின்று ஒரு படம் எடுத்து, நோட்டீஸ் அடித்து, ஓட்டுக்கு முன்னால் ஊரெல்லாம் கொடுத்துவிட்டால்? 'தொட்டி நிற்கிறது, தலைவர் கதைதான் விழுகிறது' என்று வாசகம்கூடத் தயார். தம்பியைக் கூப்பிட்டேன். செருப்பைக் கழற்றிக் கீழே விட்டுவிட்டு, அவன் பின்னால் ஏணியில் ஏறினேன். அறுபத்திரண்டு படி. ஆறு வருஷத்தில் அன்றைக்குத்தான் முதல் தடவை ஏறுகிறேன்.

மேலே கம்பித் தடுப்பு போட்ட ஒரு குறுகிய நடைபாதை. கீழே பார்த்தால் என் கடையின் தகரக் கூரை, அதை ஒட்டிப் பாலர் பள்ளி முற்றம். பிள்ளைகள் வரிசையில் நின்று கை கழுவிக்கொண்டிருந்தார்கள். தம்பி முன்னால் போய் மூன்றாவது காலின் பக்கம் குனிந்தான்.

"அட, உடைஞ்சிருக்கே. ஒரு நிமிஷம் பொறு அக்கா, மாத்திடறேன். அப்புறம் நில்லு, படம் எடுக்கலாம்."

பையிலிருந்து சின்ன உளியை எடுத்து, இரண்டாகப் பிளந்து நின்ற கண்ணாடியைப் பெயர்த்தான். எனக்கு முதலில் ஒன்றும் உறைக்கவில்லை.

"என்னடா பண்றே?"

"பாத்தா தெரியலையா? உடைஞ்சதை எடுத்துட்டுப் புதுசு வைக்கிறேன்."

"இது எப்பவாவது உடையுமா?"

"எப்பவாவதா? நல்லா கேட்டே போ. எப்பவும் உடையுது. முன்னாடியெல்லாம் மூணு மாசத்துக்கு ஒண்ணு. இப்ப ஒரு மாசம்கூடத் தாங்க மாட்டேங்குது. போன வருஷம் என் சொந்தக் காசுல கெட்டிக் கண்ணாடியா வாங்கி வச்சேன், அதுவும் போச்சு."

குறை சொல்வது போல ஆரம்பித்துப் பெருமையோடு முடித்தான். பெயர்த்த துண்டுகளை, ஏணியின் மேல்முனையில் கட்டித் தொங்கவிட்டிருந்த பெயிண்ட் டப்பாவுக்குள் போட்டான். டப்பா முக்கால்வாசி நிறைந்திருந்தது. கீழே போட்டால் பிள்ளைகள் காலில் குத்தும் என்று ஆறு வருஷமாக அதில் சேர்த்து வைத்திருக்கிறான். ஒவ்வொரு துண்டிலும் ஒரு தேதி. அவன் எதையும் அழித்து எழுதவே இல்லை. ஒவ்வொரு படத்திலும் இருந்தது வேறு வேறு கண்ணாடி.

கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டேன்.

"இந்தக் கண்ணாடி எதுக்குன்னு உனக்குத் தெரியுமாடா?"

"மழைத்தண்ணி விரிசலுக்குள்ள இறங்காம இருக்க. அந்தப் பழைய என்ஜினியர் சார் ஒட்டிட்டு, இது முழுசா இருக்கான்னு பாத்துக்கோன்னு சொல்லிட்டுப் போனார். நான் பாத்துக்கறேன்."

"உடைஞ்சா மாத்துன்னு அவரா சொன்னாரு?"

"அவர் அப்பவே மாத்தலாகிப் போயிட்டாரே. முதல் தடவை உடைஞ்சப்ப, உடைஞ்சதையேதான் படம் எடுத்து அனுப்பினேன். ஆபீஸ்ல திருப்பி அனுப்பிட்டாங்க. பழுது நீக்கிட்டுப் படம் எடுன்னு சிவப்பு மையில எழுதி, மூணு நாள் கூலியையும் பிடிச்சாங்க." புதுக் கண்ணாடியில் சிமெண்டைத் தடவிக்கொண்டே சாதாரணமாகச் சொன்னான். "அது உன் தீர்மானம்தானே அக்கா."

ஆமாம், என் தீர்மானம்தான். முதல் தடவை ஜெயித்த வருஷம், எரியாத ஒரு தெருவிளக்கின் படத்தையே திரும்பத் திரும்பக் காட்டி நாலு மாதம் பில் போட்ட ஆளைக் கையும் களவுமாகப் பிடித்தேன். அந்தச் சூட்டில் ஒரு தீர்மானம் கொண்டுவந்தேன். இனிமேல் எந்தப் பொருளாக இருந்தாலும் பழுது நீக்கிய பிறகுதான் படம் அனுப்ப வேண்டும், உடைந்ததைப் படமெடுத்து அனுப்பினால் கூலி பிடித்தம். பல்புக்கும் வால்வுக்கும் ஏணிப்படிக்கும் அது சரியான சட்டம். உடைவதற்காகவே வைத்த பொருள் ஒன்று பட்டியலில் இருக்கிறது என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

அவனை உட்கார வைத்து, கண்ணாடி எதற்கு என்று சொன்னேன். கேட்கக் கேட்க அவன் கையிலிருந்த சிமெண்ட் கரண்டி நின்றுபோனது. கீழே பள்ளி முற்றத்தைப் பார்த்தான். அவனுடைய சின்ன மகளும் அங்கேதான் படிக்கிறாள்.

"ஐயோ அக்கா. அப்ப நான் மாத்தினது ஒவ்வொண்ணும்..."

"வெள்ளிக்கிழமை சபையில சொல்லிடலாம்டா."

அவன் சட்டென்று என் கையைப் பிடித்தான். "வேணாம். ஒண்ணாம் தேதி பர்மனெண்ட் ஆர்டர் வருது. லிஸ்ட்ல என் பேரும் இருக்கு. இப்பச் சொன்னா என்னைத் தூக்கிடுவாங்க, ஆறு வருஷமும் போச்சு. பத்தே நாள். ஆர்டர் கைக்கு வரட்டும், நானே போய்ச் சொல்றேன். ஆறு வருஷம் நின்னது பத்து நாள் நிக்காதா?"

நிற்குமா நிற்காதா என்று எனக்கு என்ன தெரியும்? அப்பா போன பிறகு நான் தைத்துத் தைத்துப் படிக்க வைத்தவன். இரண்டு பெண் பிள்ளைகள், வாடகை வீடு. "பாக்கலாம்" என்று சொல்லிவிட்டு இறங்கினேன். ஏறும்போது தெரியாத உயரம் இறங்கும்போது தெரிந்தது.

அவன் பெயரை இழுக்காமல் காரியத்தை முடிக்க முடியுமா என்று பார்த்தேன். நான் ஒருத்தி கட்சி மாறி ஓட்டுப் போட்டால் போதாது. தலைவரின் நாலோடு என்னுடையது ஐந்து. ஆறு வேண்டும். அன்று மத்தியானமே கண்டக்டர் வீட்டுக்குப் போனேன். வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து வெள்ளைத் தாளில் ஏதோ கோடு போட்டுக்கொண்டிருந்தார்.

"அண்ணே, நான் யோசிச்சுப் பார்த்தேன். அந்த என்ஜினியரம்மா சொல்றதுலயும் விஷயம் இருக்கும் போல. காலி பண்ணித்தான் பார்ப்போமே."

பேனாவைக் கீழே வைத்துவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"எவ்வளவு?"

"என்ன எவ்வளவு?"

"திங்கட்கிழமை புலி மாதிரி பாஞ்சே. புதன்கிழமை பூனை மாதிரி வந்து நிக்கறே. நடுவுல ஒரு செவ்வாய்க்கிழமை இருந்ததே, அதுல எவ்வளவு கைமாறுச்சுன்னு கேக்கறேன்."

எனக்கு ரத்தம் கொதித்தது. பதிலுக்கு நாலு வார்த்தை திட்டிவிட்டு வந்தேன். ஆனால் தெருவில் நடக்கும்போது யோசித்தேன். அவர் இடத்தில் நான் இருந்திருந்தால் அந்தக் கேள்வியைத்தான் கேட்டிருப்பேன், இன்னும் சத்தமாகக் கேட்டிருப்பேன்.

வியாழக்கிழமை காலை கடையைத் திறந்தேன். தையல் மெஷினைத் தொட்டிக் கால்களுக்குப் பக்கத்திலிருந்து வாசல் ஓரமாகத் தள்ளிப் போட்டிருந்தேன். எப்போது தள்ளினேன் என்று எனக்கே நினைவில்லை. தொட்டிக்குள் தண்ணீர் ஏறும் சத்தம் தினமும் கேட்பதுதான். அன்று ஒவ்வொரு சத்தத்துக்கும் அண்ணாந்து பார்த்தேன். பிள்ளைகள் ஒவ்வொன்றாகப் பள்ளிக்கு வர ஆரம்பித்தார்கள். தம்பி மனைவி சின்னவளைக் கூட்டிக்கொண்டு என் கடையைத் தாண்டித்தான் போக வேண்டும். ஒன்பதாகியும் வரவில்லை. ஆயா மணியடித்துக் கதவைச் சாத்தினாள்.

தம்பிக்குப் போன் போட்டேன். "பாப்பா வரலையே, உடம்பு சரியில்லையா?"

"ஒண்ணுமில்லை. ஒரு பத்து நாள் வீட்டுலயே இருக்கட்டும்னு நினைச்சேன்."

போனை வைத்துவிட்டேன். என் தம்பி திருடன் இல்லை, பொய்யன் இல்லை. அவன் பிள்ளையை அவன் வீட்டில் வைத்துக்கொண்டான், யாராக இருந்தாலும் அதைத்தான் செய்வார்கள். நானும் மெஷினைத் தள்ளித்தானே போட்டிருந்தேன். ஆனால் சுவருக்கு அந்தப் பக்கம் மற்ற முப்பத்தொன்பது பிள்ளைகளும் உட்கார்ந்து எண் சொல்லிக்கொண்டிருந்தார்கள். நான் கடைக்குள் போய் ஒரு மூலையில் நின்று அழுதேன். அழுது முடித்தபோது என்ன செய்ய வேண்டும் என்று தெரிந்திருந்தது. அதுவும் அவனைக் கேட்காமல்.

வெள்ளிக்கிழமை காலை அவன் பம்ப் அறையில் இருக்கும் நேரம் பார்த்து ஏணியில் ஏறி, பெயிண்ட் டப்பாவை அவிழ்த்துக்கொண்டு வந்தேன்.

சபையில் அதைத் தலைவர் மேசை மேலேயே கவிழ்த்தேன். கண்ணாடிச் சில்லுகள் சலசலவென்று பரவின. நடந்தது எல்லாவற்றையும் சொன்னேன். தம்பி மாற்றியது, ஆபீஸ் திருப்பி அனுப்பியது, என் தீர்மானம், எதையும் விடவில்லை.

முடித்ததும் கண்டக்டர் எழுந்தார். "கதை பிரமாதம். கண்ணாடிக் கடையில கால் கிலோ உடைசல் கேட்டா சும்மாவே குடுப்பான். ஒண்ணாம் தேதி தம்பிக்கு பர்மனெண்ட் ஆர்டராமே? அதை வாங்கத்தான் தலைவர் பக்கம் இந்த ஆட்டமா?"

எங்கள் பக்கத்து ஆட்கள் மேசையைத் தட்டினார்கள். திங்கட்கிழமை எனக்குத் தட்டிய அதே கைகள். 'இதோட அவன் வேலையே போகப் போகுதுடா பாவிகளா' என்று கத்த வேண்டும் போல இருந்தது. கத்தினாலும் நம்ப மாட்டார்கள் என்பதும் தெரிந்தது.

என்ஜினியர் அம்மா யாரையும் கேட்காமல் எழுந்து வந்தார். ஃபைலைத் திறந்து படங்களை வரிசையாக வைத்தார். சில்லுகளைக் கிளறி, தேதி தெரியும் இரண்டு துண்டுகளைச் சேர்த்து அதே தேதியுள்ள படத்தின் மேல் வைத்தார். அதே கையெழுத்து, வால் நீண்ட அதே ஏழு, கண்ணாடி மூலையில் அதே காற்றுக் குமிழி. அடுத்ததை எடுத்தார். அதற்கடுத்தது. ஐந்தாவதில் சபையில் சத்தம் நின்றுவிட்டது. கண்டக்டர் மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வந்து, தானே எட்டுத் துண்டுகளைப் பொருத்திப் பார்த்தார். திரும்பிப் போய் உட்கார்ந்தார்.

எனக்கு இன்னும் ஒரு முள் உறுத்திக்கொண்டிருந்தது. "சரிம்மா, கால் அசையுது, ஒத்துக்கறேன். அந்த மேட்டு வயல்ல உங்களுக்கு என்ன வேலை? மச்சானோட நின்னு பேசினதை நான் பார்த்தேன்."

"மண்ணு பார்க்கப் போனேன். அங்க தொட்டி கட்ட முடியாது, அடியில வெறும் களிமண். அன்னைக்கே எழுதிக் குடுத்துட்டேன்." தலைவர் பக்கம் திரும்பினார். "சார் அதைச் சபையில வைக்கலை போல."

தலைவர் தண்ணீர் தம்ளரைத் தேடினார். நான் அந்த மனிதரைச் சந்தேகப்பட்டது சரிதான், வயல் விஷயத்தில் துளிகூடத் தப்பில்லை. பக்கத்திலேயே இன்னொன்று இவ்வளவு பெரிதாக உடைந்துகொண்டிருந்ததுதான் எனக்குத் தெரியாமல் போனது. உடனே காலி செய்வது, இருக்கும் தொட்டியையே பழுது பார்ப்பது, அதற்குத் தெருவிளக்கு நிதியைத் திருப்புவது, வயல் பேச்சே கிடையாது என்று தீர்மானம் போட்டோம். பதினொரு கைகளும் உயர்ந்தன.

அன்று மாலை நாலு மணிக்குத் தம்பியை வேலையிலிருந்து நீக்கி உத்தரவு போட்டார்கள். நான் கமிஷனர் அறையில் போய்க் கத்தினேன். தப்பு என் தீர்மானத்தில் இருக்கிறது, என்னைத் தண்டியுங்கள் என்றேன். அவர் பணிவாகச் சொன்னார்: "உங்களை மக்கள்தான் நீக்க முடியும் மேடம். ஆபீஸ்ல யாராவது ஒருத்தர் பொறுப்பு ஏத்துக்கணும்ல?" சிவப்பு மையில் எழுதிய கிளார்க் நிரந்தர ஊழியர், அதனால் அவருக்கு வேறு செக்‌ஷனுக்கு மாற்றல். தற்காலிக ஆளுக்கு மாற்றல் கிடையாது, வாசல்தான்.

தொட்டியை இரண்டு நாளில் காலி செய்தார்கள். மூன்றாவது காலின் சிமெண்டை உடைத்துப் பார்த்தபோது உள்ளே நாலு கம்பியில் இரண்டு அறுந்தே போயிருந்தன. என்ஜினியர் அம்மா என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். பள்ளியையும் கடைகளையும் வேறு இடத்துக்கு மாற்றினோம். இப்போது லாரி வரும் வரிசையில் குடத்தோடு நிற்பவர்கள் என் காதுபடவே பேசுகிறார்கள். கத்திரி காசு வாங்கிவிட்டாளாம், லாரிக்காரன் அவளுக்குச் சொந்தமாம். நான் திரும்பிப் பதில் சொல்வதில்லை.

தம்பி என் போனை எடுக்கவில்லை. வீட்டுக்குப் போனால் அவன் மனைவி கதவுச் சங்கிலியை எடுக்காமலே, "அவர் தூங்கறார்" என்றாள். மூன்று வாரம் இப்படிப் போனது. ஒரு சனிக்கிழமை, மாற்றிய கடையில் நான் தைத்துக்கொண்டிருந்தபோது, கையில் ஒரு பையோடு அவனே வந்து நின்றான். உள்ளே ஒரு செக்யூரிட்டி யூனிஃபார்ம்.

"நாளைக்கு ஆறு மணிக்கு டியூட்டி. பேண்ட் பெருசா இருக்கு."

போட்டுக்கொண்டு வந்து நின்றான். நான் மண்டியிட்டு இடுப்பைப் பிடித்துப் பார்த்தேன். நன்றாக இளைத்திருந்தான். எவ்வளவோ சொல்ல நினைத்திருந்தேன், வாயில் வந்தது ஒன்றுதான்.

"இந்த ஊர்ல நான் எல்லாரையும் சந்தேகப்பட்டேன்டா. உன்னை மட்டும் ஒருநாள்கூட சந்தேகப்பட்டதில்லை."

நான் அவனுக்குக் கொடுத்ததிலேயே பெரியது அதுதான் என்று நினைத்துக்கொண்டு சொன்னேன்.

அவன் கோபமாகப் பேசவில்லை. ரொம்ப நாள் யோசித்து வைத்திருந்ததைப் போலத்தான் சொன்னான்.

"பட்டிருக்கலாம்ல அக்கா. ஆறு வருஷம் இருந்துச்சு. ஒரே ஒரு தடவை என்னையும் சந்தேகப்பட்டு, அந்த ஏணியில ஏறி வந்து, என்னடா பண்றேன்னு கேட்டிருக்கலாம்ல? அன்னைக்கே சொல்லியிருப்பேனே."

நான் தலையை நிமிர்த்தவில்லை. இடுப்பில் இரண்டு அங்குலம் பிடித்துக் குறித்துக்கொண்டு, திரும்பி நில் என்றேன்.